நரிக்குறவர் வேஷம் போடச் சொல்கிறாரா மேனேஜர்?

ஐ.டி. கம்பெனிகளில் ஆண்டு விழா நெருங்கினால் ஸ்கிட்டுக்கு ஆள் பிடிப்பார்கள். 'நீ நரிக்குறவர் வேஷம். மூஞ்சில கரி, கழுத்துல பாசிமணி, அவங்க மாதிரியே பேசு' என்று மேனேஜர் சொன்னால், அன்றைக்கோ மறுநாளோ பேசிவிடுங்கள். உடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

உடம்பு சரியில்லை என்று நழுவினால், அதே வேஷம் புதிதாகச் சேர்ந்த ஃப்ரெஷர் தலையில் விழும். அவரால் மறுக்கவும் முடியாது. டீம் வாட்ஸ்அப் குரூப்பில் எதிர்ப்பதும் வேண்டாம். நாலு பேர் முன்னால் முகம் கறுத்தால் எந்த மேனேஜரும் வீம்புக்கு நிற்பார்.

தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள். அவருடைய நோக்கத்தை இழுக்காதீர்கள்; வேஷத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்: 'சார், ஸ்கிட்ல நான் இருக்கேன். அந்த வேஷம் மட்டும் வேண்டாம், ஒரு சமூகத்தையே கிண்டல் பண்ற மாதிரி ஆயிடும். வீடியோ வெளிய போனா கிளையன்ட்டும் பார்ப்பாங்க. நம்ம நைட் ஷிஃப்ட் கூத்தையே காமெடியா பண்ணலாம், ஸ்கிரிப்ட் நாளைக்குத் தரேன்.' பெரும்பாலும் கடைசி வரிதான் வேலை செய்யும். அவருக்குத் தேவை மேடையில் ஓட ஒரு ஐட்டம், அவ்வளவுதான்.

'சும்மா ஜோக்குதானப்பா' என்றால் சொல்ல விஷயம் இருக்கிறது. குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் தடை விதித்தது. (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு, ஆனால் மேடைக் கேலி இரண்டு பேரையும் விட்டதில்லை.) நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் எடுத்த எடுப்பில் மிரட்டலாக நீட்டாதீர்கள். ஒரு ஸ்கிட்டுக்கு அது பொருந்துமா என்பது வக்கீல் பார்க்க வேண்டியது. டீமில் அந்தச் சமூகத்தவர் இருந்தால் அவரைச் சாட்சிக்கு இழுக்கவே கூடாது.

பேசி முடித்த அன்றே மேனேஜருக்கு இரண்டு வரி மெயில்: 'இன்று பேசியபடி அந்த வேஷம் இல்லாமல் புது ஸ்கிரிப்ட் தருகிறேன்.' அப்ரைசலில் 'டீமோடு ஒத்துப்போவதில்லை' என்று எழுதினால் காட்ட இதுதான் ஆதாரம். ஆபீஸ் மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். பல கம்பெனிகளில் அது விதிமீறல், பழி உங்கள் மேலேயே திரும்பும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் வீட்டு நோட்டில் குறித்தால் போதும்.

அப்புறமும் வற்புறுத்தினால் எச்.ஆரிடம் எழுத்தில் கொடுங்கள், நடத்தை விதிகளில் பாகுபாடு பற்றிய பகுதியைச் சுட்டிக்காட்டி. பலர் ஓடுகிற உள் புகார்க் குழு பாலியல் தொல்லைப் புகார்களுக்கானது. இதை அங்கே எடுக்கமாட்டார்கள்.