பூர்பூல் நாய் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருட்டுப் பயத்தில் பெரிய நாய் தேடும் குடும்பங்கள் டர்பனில் நிறைய. இங்கே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் யாரைக் கேட்டாலும் பூர்பூலைத்தான் கை காட்டுவார்கள். தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் காவலுக்கென்றே வளர்த்த இனம். 1983-இல் இதற்காக ஒரு வளர்ப்போர் சங்கமும் தொடங்கினார்கள். அருமையான நாய்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. குட்டியைப் பார்த்துவிட்டால் மனம் இளகிவிடும். அதனால் அதற்கு முன்பே இவற்றை யோசித்துவிடுங்கள்.

படி 1: எதற்காக நாய்?
ஆள் வந்தால் குரைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் சின்ன நாயே போதும். பூர்பூல் குடும்பத்தோடு ஒட்டி வாழ்கிற நாய். கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டு, சாப்பாடு வைக்க மட்டும் எட்டிப் பார்த்தால் யார் சொல்லுக்கும் அடங்காத நாயாகத்தான் அது வளரும். வீட்டுக்குள் இடம் தர மனமில்லையா? இந்த இனம் வேண்டாம்.

படி 2: யார் பிடிப்பார்கள்?
வளர்ந்த ஆண் பூர்பூல் 70 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிப் பிள்ளையும்தான் என்றால், அவர்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 3: கேட்டையும் சுவரையும் சுற்றிப் பாருங்கள்
இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா? மின்சாரம் போனால் கேட் மோட்டாரின் பேட்டரி தாங்குமா? சுவரை ஒட்டி ஏறி நிற்க ஏதாவது இருக்கிறதா? நாய் வெளியே போய் ஒருவரைக் கடித்தால், உங்கள் கவனக்குறைவை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. நாயின் சொந்தக்காரர் என்பதே பொதுவாகப் போதும். 2020-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், தெருவில் போனவரை மூன்று நாய்கள் குதறியதால் அவர் ஒரு கையை இழந்திருந்தார். யாரோ வேற்றாள் கேட்டைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்றார் நாய்க்காரர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நஷ்டஈடு அவர் தலையில்தான் விழுந்தது.

அடுக்குமாடியிலோ டவுன்ஹவுஸிலோ இருந்தால், குடியிருப்பை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் வாங்குங்கள்.

படி 4: வருவோர் போவோர்
நம் வீடுகளில் இதுதான் பெரிய கேள்வி. கல்யாணம், காரியம், காவடி என்றால் சொந்தபந்தம் எல்லாம் சமையலறை வழியாகவே நுழையும். ஒரு மாதத்தில் உங்கள் வீட்டுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். தோட்டக்காரர், டியூஷன் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆன்டி என்று பட்டியல் நீளும். குட்டி வந்த நாளிலிருந்தே இத்தனை முகங்களையும் அதற்குப் பழக்க வேண்டும். நாயை வைத்துப் பூட்ட நல்ல அறையோ கூண்டோ வேண்டும். தீபாவளி வெடியும் நவம்பர் 5-இல் கை ஃபாக்ஸ் நாள் வெடியும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். மிரண்ட பெரிய நாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். அந்த இரவுகளில் ஒருவர் வீட்டிலேயே அதனுடன் இருக்க முடியுமா?

படி 5: செலவு
சாப்பாட்டுச் செலவை மாதக் கணக்காகப் போடுங்கள். புரட்டாசியில் வீட்டில் கவிச்சி கிடையாது என்றால் மூட்டைத் தீவனம்தான் வசதி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. உண்ணியால் வரும் பிலியரிக் காய்ச்சல் இன்னொன்று. நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துக் கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மறுநாள் வரை வைத்திருந்தால் உயிரே போகலாம்.

படி 6: குட்டி பார்க்கும்போது
தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று நின்று கவனியுங்கள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் என்பதால் பெற்ற நாய்களின் எக்ஸ்ரேயையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள்.

அப்புறம், குட்டிதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.-வின் காப்பகத்தில் வளர்ந்த நாய் இருந்தால் அதன் அளவும் குணமும் கண்ணுக்கு முன்னே தெரியும். வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், பாட்டி உட்பட.