தரையோரக் காற்றைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய காற்றாலை வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் படியிலேயே: விமான நிலையத்தில் பதிவான வேகத்தை அப்படியே தங்கள் இடத்துக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில், குட்டைப் புல் சூழ்ந்த வெட்டவெளியில் நிற்கிறது. உங்கள் இடத்தில் புதர்களும் வீடுகளும் இருந்தால் அதே உயரத்தில் காற்று மெலிந்துவிடும்.

எவ்வளவு மெலியும் என்பதைக் 'கரடுமுரட்டு நீளம்' சொல்லும்; தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு இது. அமைதியான நீர்ப்பரப்புக்குச் சுமார் 0.0002 மீட்டர், குட்டைப் புல்லுக்கு 0.03, புதரும் மரமும் கலந்த நிலத்துக்கு 0.5. செடியின் உயரத்தையே இந்த எண்ணாகப் போட்டுவிடாதீர்கள். தோராயமாக அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். 60 மீட்டர் உயரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே காற்று என்று வைத்துக்கொள்வோம். புல்வெளியில் 10 மீட்டரில் வினாடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால், புதர் நிலத்தில் அது சுமார் 4.1 தான். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், கிடைப்பது பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

உயரம் கூடக் கூட வேகம் எவ்வளவு ஏறும் என்பதற்கு 1/7 அடுக்கை (உயரங்களின் விகிதத்தை 1/7 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வேகங்களின் விகிதம் வரும் என்ற சூத்திரத்தை) எல்லா இடத்துக்கும் போடுவதும் தவறு. தட்டையான புல்வெளியில், சராசரி வானிலையில் அது ஓரளவு பொருந்தும். வெயில் காயும் பகலில் காற்று மேலும் கீழும் கலப்பதால் ஏற்றம் குறைவு. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து அந்தக் கலப்பு அடங்கிவிடும். கீழே இலை அசையாது, மேலே காற்று ஓடிக்கொண்டிருக்கும். பகலில் மட்டும் அளந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

மரத்தோப்பின் நடுவே உயரத்தைத் தரையிலிருந்து எண்ணக் கூடாது. மரங்கள் 12 மீட்டர் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கான 8 மீட்டரிலிருந்துதான் காற்றுக்குத் 'தரை' தொடங்குகிறது. அங்கே 18 மீட்டர் கம்பம் வெறும் 10 மீட்டர் கம்பம்தான். தனிக் கட்டடத்தின் பின்னாலோ, அதன் உயரத்தைப் போல 20 மடங்கு தூரம் வரைகூடக் காற்று கலங்கியிருக்கும்.

காற்று வரும் திசையில் நிலம் எங்கே மாறுகிறது என்பதையும் பாருங்கள். எல்லையிலிருந்து 500 மீட்டர் உள்ளே வந்தாலும், புதிய தரைக்கு முழுதாகப் பழகியிருப்பது அடியில் உள்ள சுமார் 5 மீட்டர் காற்று மட்டுமே. அதற்கு மேல் பழைய நிலத்தின் சாயல் கலந்தே இருக்கும்.

குன்றுகளில்தான் பெரிய ஏமாற்றம். மென்சரிவுள்ள முகட்டில் காற்று நெருக்குண்டு விரைவது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வேகம் தரைக்கு அருகிலேயே அதிகம்; உயரே போகப் போகக் குறையும். ஆகவே முகட்டில் 10 மீட்டரில் அளந்து, சமவெளிச் சூத்திரத்தால் 40 மீட்டருக்கு ஏற்றினால் இல்லாத காற்றைக் கணக்கில் எழுதுகிறோம். சரிவு ஏறத்தாழ 17 பாகையைத் தாண்டினால் காற்று தரையை விட்டுப் பிரிந்து, பின்புறம் சுழலாகிவிடும். செங்குத்துப் பாறை விளிம்பில் கம்பம் நட்டால் இறக்கைகளும் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

கம்பம் நடும் முன் ஒரு பட்டத்தின் கயிற்றில் சில மீட்டருக்கு ஒன்றாக நீள ரிப்பன்களைக் கட்டிப் பறக்கவிடுங்கள். தாறுமாறாகத் துடிக்கும் ரிப்பன்கள் எந்த உயரத்தில் நின்று, நேராக நீள்பவை எங்கே தொடங்குகின்றனவோ, இறக்கையின் கீழ்நுனி அதற்கு மேலே இருக்க வேண்டும். அடிக்கடி காற்றடிக்கும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள்.