பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா?

"ரெண்டு மாசமா பணம் போடல, இந்தச் சனிக்கிழமை பிள்ளையை அனுப்ப மாட்டேன்."
"பிள்ளையைக் கண்ணில் காட்டாதவளுக்கு நான் எதுக்குப் பணம் போடணும்?"

விவாகரத்து முடிந்த வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் ஜோடியாகத்தான் வரும். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்பது ஆறு மாதத்தில் இருவருக்குமே மறந்துபோயிருக்கும். குழந்தை விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முளைக்கின்றன. பார்க்கும் உரிமையையும் பராமரிப்புத் தொகையையும் ஒரே நோட்டில் வரவு செலவாக எழுதிவிடுகிறார்கள்.

சட்டத்தில் இரண்டும் தனித்தனி. தொகை வரவில்லையா? குடும்பநல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு, அதாவது உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனு, போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் பற்றிய 125ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. எந்த மதத்தவருக்கும் அது பொருந்தும். அதன்படி, கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தாலும் பாக்கி கழியாது. ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். "பாவம், என்ன கஷ்டமோ, கொடுக்கும்போது கொடுக்கட்டும்" என்று இரண்டு வருடம் பொறுத்திருந்தவர்கள் பழைய பாக்கிக்கு இந்த வழியில் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதேபோல, உத்தரவு இருந்தும் பிள்ளையைக் காட்டவில்லை என்றால் அப்பாவும் அதே நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பணத்தை நிறுத்தினால் அவர் பக்கத்து நியாயமும் கெட்டுப்போகும். அடுத்த வாய்தாவில் நீதிபதி முதலில் கேட்பது பாக்கியைப் பற்றித்தான்.

அடுத்த தவறு அவசரத்தில் நடப்பது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு பிரியும்போது, எப்படியாவது முடிந்தால் சரி என்ற மனநிலையில், "எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தனக்கு வேண்டாம் என்று சொல்வது அம்மாவின் இஷ்டம். பிள்ளைக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இது அப்பாக்களுக்கும் தெரிய வேண்டும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டோம், இனி யாரும் கேட்க முடியாது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தீர்ப்பு வந்த பிறகும் குழந்தையின் பொறுப்பு, செலவு, படிப்பு பற்றிய உத்தரவை மாற்றக் கோர அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தமோ, மீறினால் நேராக நிறைவேற்ற முடியாத வெறும் காகிதம். நீதிமன்றப் பதிவுக்குள் வந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். "தந்தை குழந்தையை நியாயமான நேரங்களில் பார்க்கலாம்" என்று ஒரு வரி. எது நியாயமான நேரம்? அப்பாவுக்கு ஞாயிறு காலை, அம்மாவுக்கு ஞாயிறு டியூஷன். கொஞ்சம் சலிப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். எந்தெந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே விடுவது, யார் வந்து அழைத்துப்போவது, இரவு தங்கலாமா. காலாண்டு, அரையாண்டு விடுமுறையை எப்படிப் பிரிப்பது, மே மாதத்தில் யாருக்கு எத்தனை நாள். தீபாவளி ஒரு வருடம் இங்கே என்றால் பொங்கல் அங்கேயா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் தவறினால் அதற்குப் பதில் எந்த நாள்? வெளியூரில் இருப்பவருக்கு வீடியோ கால் எந்தக் கிழமை? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையெழுத்து? காதுகுத்துக்கு அப்பா வீட்டாரை அழைப்பதா என்றுகூட ஒரு வரி இருக்கட்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்தபிறகு வாசலில் சண்டை நடந்தால் அழப்போவது பிள்ளைதான்.

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பாவுக்கு" என்று சொந்தக்காரர் யாராவது உறுதியாகச் சொல்வார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்கிறது, அவ்வளவுதான். ஐந்து முடிந்ததும் இடம் மாற்று என்று எங்கும் இல்லை. 13ஆம் பிரிவின்படி எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிள்ளையின் நலன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையிடம் நீதிபதி தனியாகப் பேசி விருப்பத்தைக் கேட்பதுண்டு. அதற்காக வீட்டில் ஒத்திகை பார்த்து அனுப்புகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை வக்கீல் மாதிரி பேசினால் யார் சொல்லிக்கொடுத்தது என்று நீதிபதிக்குத் தெரியாதா? ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டு மறுபக்கத்தின் மேல் வெறுப்பை ஊட்டுவதால் வரும் கேட்டைப் பற்றி 2017இல் விவேக் சிங் எதிர் ரோமானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசியிருக்கிறது.

இனி பணம். வருமானத்தை மறைப்பது பழைய தந்திரம். சம்பளத்தைக் குறைத்துச் சொல்வார்கள், கடையைத் தம்பி பெயருக்கு மாற்றுவார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். பொய் எழுதினால் அது தனி வழக்காகலாம். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே வழக்கை இழுத்தடிப்பதில் மிச்சம் ஒன்றுமில்லை.

எல்கேஜி படிக்கும்போது தீர்மானித்த தொகை பத்தாம் வகுப்பு வரை அப்படியே நிற்பதையும் பார்க்கிறோம். வருடத்துக்கு இவ்வளவு கூட்டுவது என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு இரண்டும் மாதத் தொகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் தெளிவாக்க வேண்டும். 18 வயது விஷயம் இன்னும் மோசம். 144ஆம் பிரிவின் தொகை பொதுவாக அந்த வயதோடு நின்றுவிடும். கல்லூரிக் கட்டணம் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத திருமணமாகாத மகள் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தில் அப்பாவிடம் கேட்கலாம். மகனுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் பட்டப்படிப்பு முடியும் வரை என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ ஜிபேயிலோ, எந்த மாதத்துக்கு என்று குறிப்போடு அனுப்புங்கள். உத்தரவில் இருக்கும் தொகைக்குப் பதிலாகச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், டிரெஸ் எடுத்தேன் என்றால் அது கணக்கில் ஏறாது. வேலை போய்விட்டதா? சத்தமில்லாமல் நிறுத்தாமல், அந்த மாதமே நாகரிக் சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் தொகையைக் குறைக்கக் கேட்டு மனு போடுங்கள், முடிந்த தொகையை அனுப்பிக்கொண்டே இருங்கள். மனு போடாத வரை பழைய தொகைதான் ஓடும், பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும்.