இன்ஜின் ரூமைத் திறந்து காட்டும் முன்: தடைக்கால வேலைகள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், பலகை மாறும், பெயின்ட் ஏறும். தடை முடியும் வாரத்தில் ஒருவர் படகில் இன்னொருவர் ஏறி இறங்குவதும், மூடியைத் திறந்து இன்ஜினைக் காட்டுவதும், ‘இதுக்கு எவ்வளவு ஆச்சு?’ என்று விசாரிப்பதும் எல்லாத் துறைமுகத்திலும் நடக்கும். இன்ஜினுக்குப் புதுப் பெயின்ட், பாலிஷ் போட்ட பைப்பு, எல்இடி பட்டை எல்லாம் இருந்தால் போனில் படம் நன்றாக விழும். விவரம் தெரிந்த டிரைவர் அதைப் பார்ப்பதில்லை. குனிந்து இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடிப்பார். அந்த டார்ச்சுக்குத் தாங்கும் அறையை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

பெரிய இன்ஜின் வைத்திருப்பதையே பெருமையாகக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் உள்ளதைப் படம் எடுத்துப் பரப்புவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதுதான்.

முதலில் அடித்தளம்

இன்ஜினுக்கு அடியில் தேங்கிக் கிடக்கும் எண்ணெய்த் தண்ணீரில் எடுத்தவுடன் சோப்புத் தூளைக் கொட்டக் கூடாது. சோப்பு பட்டால் எண்ணெயும் தண்ணீரும் பால் மாதிரி கலந்துவிடும், பிறகு பிரியவே பிரியாது. கை பம்பால் அப்படியே பேரலில் இறக்கி ஒரு நாள் விடுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். அதை அள்ளி, வடித்த பழைய ஆயிலோடு சேர்த்து, கழிவு ஆயில் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுத்துவிடலாம். துறைமுகத் தண்ணீரில் கொட்டினால் அடுத்த படகின் பக்கவாட்டில்தான் போய் ஒட்டும். மீதிப் பிசுக்கின் மேல் மரத்தூள் தூவி, ஊறியதும் கூட்டி எடுத்த பிறகுதான் டிகிரீசரும் பிரஷும்.

பிரஷர் வாட்டர் அடிப்பதாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏர் ஃபில்டர் வாய், டிப்ஸ்டிக் குழாய், இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் கட்டி மூடுங்கள். ஓடி நின்ற சூட்டில் டீசல் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் அடிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பாகங்கள் மிக நெருக்கமான இடைவெளியில் ஓடுகின்றன, வெளி உடம்பு மட்டும் திடீரென்று சுருங்கினால் பிடித்துக்கொள்ளும்.

பெயின்ட்

அடித்தளத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். அழகுக்காக இல்லை, ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் எங்கிருந்து விழுந்தது என்று தெரிவதற்காக. கறுப்போ சிவப்போ அடித்தால் கசிவு ஆறு மாதம் ஒளிந்திருக்கும்.

சாதாரண எனாமல் டீசல் பட்டால் மெத்தென்று ஆகி உரியும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சிதான் நிற்கும். கலக்கும் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, டப்பாவில் போட்டிருப்பதை அளவுக் குவளையால் அளந்து கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஹார்டனரை, அதாவது கெட்டியாக்கும் டப்பாவை, அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தப்புக் கணக்கு, பிசுபிசுப்பாகவே நிற்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை கெட்டியாகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மே மாத வெயிலில் அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். மரப்படகு என்றால் பலகை உள்ளே ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொப்புளம் கிளம்பும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். ஆகவே ஃபேனை மேலிருந்து ஊதவிடுவதைவிட, ஹோஸ் போட்டு அடியிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளுவது நல்லது. ஆள் தனியாக உள்ளே இறங்க வேண்டாம்.

பெயின்ட் படக் கூடாத இடங்கள்: ரப்பர் ஹோஸ், பெல்ட், வயர், எர்த் போல்ட், இன்ஜின் நம்பர் தகடு, ஹோஸ் கிளிப்பின் திருகு, ஜிங்க் எனப்படும் துத்தநாகக் கட்டி. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஜிங்க் தன்னைக் கரைத்துக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றுகிறது, அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்த வேலையே நின்றுபோகும். ஜிங்க் மேலும் பெயின்ட் அடித்த படகை எல்லாத் துறைமுகத்திலும் பார்க்கலாம். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். ஜிங்கின் திருகு மறையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் உலோகத் தொடர்பு அறுந்து, இருந்தும் இல்லாதது போலத்தான்.

பைப்புகளுக்கு வண்ணம் கொடுப்பதானால் கப்பல் வழக்கத்தையே பின்பற்றலாம்: கடல்நீருக்குப் பச்சை, நன்னீருக்கு நீலம், டீசலுக்குப் பழுப்பு, கழிவுக்குக் கறுப்பு. ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி. அவசரத்தில் புது ஆளும் சரியான வால்வைப் பிடிப்பான்.

கடல்நீர் வழி

கடல் வால்வைக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பேனர் போட்டால்தான் திரும்பும் வால்வு, ஹோஸ் வெடிக்கும் நாளில் திரும்பாது. பக்கத்திலேயே அந்த ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்கட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் 316 ஸ்டெயின்லெஸ் கிளிப் இரண்டு, திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி. குழாயின் முனை நீளம் ஒரு கிளிப்புக்கே போதவில்லை என்றால் இரண்டாவது கிளிப் ஹோஸை வெட்டத்தான் செய்யும்.

கடல்நீர்ப் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரை வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது எங்கேயும் போய்விடவில்லை, இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் முழு வேகத்தில் மட்டும் சூடு ஏறும். தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேட்டர் மூடியை மாற்றி, காரணம் தெரியாமல் பணம் கரையும்.

கிளாண்ட்

பார்க்க வருகிறவர்கள் அதிகம் குறை கண்டுபிடிக்கும் இடம் கிளாண்ட்: புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் பெட்டி. வேலை பாதியில் கெடுவதும் இங்கேதான்.

அந்தப் பெட்டிக்குள் ஷாஃப்டைச் சுற்றித் திணிக்கும் பேக்கிங் கயிற்றின் அளவைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அளந்து கணக்குப் போடுங்கள். பெட்டியின் உள்விட்டத்தில் ஷாஃப்ட் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் அளவு வரும். ஷாஃப்ட் 75 மி.மீ., பெட்டி 100 மி.மீ. என்றால் 12.5, அதாவது அரை இஞ்சுக் கயிறு. பழைய வளையங்களைக் கொக்கியால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். அடியில் கல்லாக இறுகிய ஒரு வளையம் பெரும்பாலும் தங்கிவிடும். அதன் மேலேயே புதியதைத் திணிப்பதால்தான் ‘புது பேக்கிங் போட்டும் ஒழுகுது’ என்ற புலம்பல்.

ஷாஃப்டை நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தக் கயிறும் நிற்காது, ஷாஃப்டைத்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டுக்குக் கிராஃபைட் கயிறு வேண்டாம். கடல்நீரில் அது ஷாஃப்டை அரிக்கும்.

கயிறை ஒரே நீளமாகச் சுருள் சுற்றக் கூடாது. அதே விட்டமுள்ள பைப்பில் சுற்றி, சாய்வாக வெட்டித் தனித்தனி வளையமாக்கி, ஒவ்வொன்றாகத் தள்ளி உட்கார வையுங்கள். மூன்று வளையம் என்றால் வெட்டுவாய்கள் 120 டிகிரி தள்ளித் தள்ளி வரட்டும். நட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். படகு தண்ணீரில் இறங்கி ஓடத் தொடங்கியதும், இரண்டு பக்கமும் சமமாக, ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவே, அதாவது ஆறில் ஒரு பங்கு சுற்று திருப்பி, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு எட்டுப் பத்துச் சொட்டு விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கயிற்றைக் குளிர்விக்கிறது. கிளாண்டின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை எடுக்க வைத்தால் தளர்த்துங்கள். ‘எங்க படகுல ஒரு சொட்டுகூட வராது’ என்று யாராவது கிளாண்ட் பேக்கிங் படகைக் காட்டிப் பெருமையடித்தால், அடுத்த வருடம் அவர் ஷாஃப்ட் மாற்றுவார்.

அலைன்மென்ட்

இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி சரிசெய்வதுதான் அலைன்மென்ட். இதைக் கரையில் வைத்து முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கரையில் கட்டையின் மேல் நிற்கும் படகு வேறு வடிவம், தண்ணீரில் மிதப்பது வேறு வடிவம். மரப்படகில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். இறக்கி இரண்டு நாளாவது ஊறிய பிறகு, டீசல் வழக்கமான அளவுக்கு நிரம்பியிருக்கும்போது பாருங்கள். காய்ந்த பலகை இடுக்குகள் ஊறி அடைபடும்வரை உள்ளே தண்ணீர் கூடுதலாகத்தான் வரும், அதை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இன்ஜின் பக்கத்தையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட் தன் எடையால் தொங்காதபடி தாங்கு கொடுத்து நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு முகங்களையும் சேருங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஒரு இஞ்சு விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு இஞ்சு வித்தியாசம்தான் எல்லை. 150 மி.மீ. கப்ளிங் என்றால் 0.15 மி.மீ. பிறகு ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்கவும். இடைவெளி அதே இடத்தில் நின்றால் இன்ஜினை நகர்த்த வேண்டும். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் இன்ஜின் மேல் குற்றமில்லை, கப்ளிங்கோ ஷாஃப்டோ கோணல்.

புகைக்குழாய், டீசல், மின்சாரம்

புகைக்குழாய்க்குச் சுற்றிய துணியில் டீசலோ ஆயிலோ ஊறியிருந்தால் மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். அது திரி. கிழித்துப் போட்டுவிட்டு செராமிக் கம்பளமும் கண்ணாடி இழைத் துணியும் சுற்றுங்கள். 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்பு எதுவும் டீசல் தெறிக்கக்கூடிய இடத்தில் மூடாமல் இருக்கக் கூடாது என்பது கப்பல்களுக்கான பாதுகாப்பு விதி. படகுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். டீசல் குழாய் புகைக்குழாய்க்கு மேலே போகிறதென்றால் வழியை மாற்றுங்கள். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் பார்க்க ஜோராக இருக்கும், தீ வந்தால் முதலில் உருகுவதும் அதுதான்.

மின்சாரத்தில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. வயர் முனையில் லக் என்ற உலோக முனை வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஹீட் ஸ்லீவ் போட வேண்டும். ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6க்குக் குறையக் கூடாது. ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ இணைப்போ மோசம். புது பேட்டரி வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் பல பேர் பணம் மிஞ்சும்.

காற்று

அறையை அழகுபடுத்துகிற ஆசையில் காற்றுத் துவாரத்தில் பலகை அடித்துவிடுகிறார்கள். சோதனை எளிது. முழு வேகத்தில் ஓடும்போது மூடியைத் திறங்கள். ஆர்பிஎம் ஏறினாலோ கறுப்புப் புகை குறைந்தாலோ, இன்ஜினுக்கு மூச்சு போதவில்லை.

அடுத்தவர் அறையில் எதைப் பார்ப்பது

ஹோஸ் முனையில் வெள்ளைப் பொரிவு: கடல்நீர் கசிந்து காய்ந்த உப்பு. போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள்: போல்ட் லூசாகி உராய்கிறது. புல்லி அடியில் கறுப்புத் தூள்: பெல்ட் நேர்கோட்டில் இல்லை. புகைக்குழாய் தொடங்கும் மேனிஃபோல்ட் ஜாயின்ட்டில் கரிக்கோடு: கேஸ்கெட் போய்க்கொண்டிருக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவச் சொல்லுங்கள், ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்குகிறது. எல்லாமே நேற்று அடித்த பெயின்டில் பளபளத்தால் இதில் ஒன்றும் தெரியாது. ‘ஒரு நடை போய்ட்டு வந்ததும் பார்க்கிறேன்’ என்று சொல்லி மரியாதையாக ஏறி வந்துவிடலாம்.

உங்கள் படகிலும் முதல் நடை முடிந்ததும் இன்ஜின் மவுண்ட், கப்ளிங், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்கட்டும். இறுக்கிய போல்ட்டின் மேல் மார்க்கர் பேனாவால் நேர்கோடு போட்டுவிட்டால், அது திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இம்பெல்லர், இரண்டு டீசல் ஃபில்டர், பெல்ட், கிளிப்புகள், வெட்டி வைத்த பேக்கிங் வளையங்கள், இவற்றைப் போட்ட பெட்டி பேட்டரிக்குப் பக்கத்தில் இல்லாமல் ஏணிக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.