பிஸ்டல் ஃப்ரண்ட் சைட் பளிச்சென்று தெரிய செலவில்லாத வழி

பெரும்பாலான பிஸ்டல்களில் கம்பெனியிலிருந்து வரும் சைட் (குறி பார்க்க உதவும், முன்னாலும் பின்னாலும் உள்ள முனைகள்) ஒன்று முழுக் கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் இரண்டு வெள்ளைப் புள்ளி என்று மூன்றும் ஒரே அளவு வெளுப்பாக இருக்கும். இரண்டுமே கண்ணுக்கு உதவி செய்வதில்லை. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில் மட்டும்தான் கூர்மையாகப் பார்க்க முடியும், அந்தக் கூர்மை ஃப்ரண்ட் சைட் மேல் இருக்க வேண்டும், ரியர் சைட்டும் இலக்கும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் போதும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண் லென்ஸ் இறுகிவிடுவதால் இது இன்னும் கஷ்டம். ஃபைபர் ஆப்டிக் சைட் (வெளிச்சத்தைத் திரட்டும் நிறக் குச்சி உள்ளது), டிரிட்டியம் சைட் (தானாக ஒளிரும் சிறு குழாய் உள்ளது) எல்லாம் நல்ல பொருள்தான், ஆனால் விலை அதிகம், மாட்டுவதற்குத் தனிக் கருவியும் வேண்டும். ஃப்ரண்ட் சைட்டில் நெயில் பாலிஷ் பூசுவது அப்படியில்லை. ஒரு மாலை நேர வேலை, பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு வேறு நிறம் போடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு வட்டம் வைத்து நிதானமாகச் சுடுகிறவர் என்றால் இது உங்களுக்குத் தேவையில்லை. அந்த வகைச் சுடுதலுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு சைட்தான் சிறந்தது, சைட்டில் துளி மினுமினுப்பும் இருக்கக் கூடாது என்று புகைக்கரி பிடிக்க வைத்துச் சுடுகிற வழக்கமே உண்டு. வேகமாகச் சுட வேண்டியவர்கள், இலக்கின் நிறமும் வெளிச்சமும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் சுடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் நிறம் அடித்த ஃப்ரண்ட் சைட் பெரிய உதவி.

வேலையைத் தொடங்கும் முன் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டியை) கழற்றுங்கள், அப்புறம் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) பின்னால் இழுத்துப் பூட்டி சேம்பரை (சுடுவதற்குத் தோட்டா வந்து நிற்கும் அறையை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை மாறக் கூடாது, மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். ஃப்ரண்ட் சைட் இருப்பது பேரலின் வாய்க்கு நேர் மேலே, நீங்கள் குனிந்து வேலை செய்யும்போது கை முழு நேரமும் அதைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் ஸ்லைடைத் தனியாகக் கழற்ற முடிகிற பிஸ்டல் என்றால் கழற்றி, பேரலையும் எடுத்துவிட்டு, வெறும் ஸ்லைடில் வேலை செய்வதுதான் சரி. ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து காலி செய்து திறந்தபடியே வையுங்கள்.

தேவையான பொருள்கள் பாதி வீட்டிலேயே இருக்கும். வெள்ளை நெயில் பாலிஷ் ஒன்று, நியான் நிறத்தில் ஒன்று, நிறமில்லாத டாப் கோட் (கடைசியில் மேலே போடும் பூச்சு) ஒன்று, நெயில் பாலிஷ் ரிமூவர் கொஞ்சம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பஞ்சுக் குச்சி, பல் குத்தும் குச்சிகள், ஒட்டினால் சுலபமாக உரிகிற காகித டேப், ஒரு கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர். இவ்வளவுதான்.

எந்த நிறம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் பேச்சு மாறும். நல்ல வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு அதிகம் உறைப்பது 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. வெளிச்சம் குறையக் குறைய அந்த உச்சம் 507 பக்கம், நீலப் பச்சையை நோக்கி நகரும், அதனால்தான் பகலில் ஜொலிக்கிற சிவப்பு அந்தி நேரத்தில் கறுத்துப் போகிறது. அப்படியென்றால் எல்லோரும் பச்சைதானே போட வேண்டும்? இல்லை. புல்லும் செடியும் பின்னணியாக இருக்கும் இடத்தில் பச்சை அதிலேயே கரைந்துவிடும், அங்கே ஆரஞ்சு தனியாக நிற்கும். சிவப்பு பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கு மஞ்சளோ வெறும் வெள்ளையோகூட நன்றாக வரும். என் தேர்வு நியான் ஆரஞ்சு, ஆனால் என் கண்ணை நம்பி நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். வண்ண ஸ்டிக்கர் தாளில் மூன்று நான்கு நிறத் துண்டுகளைச் சைட் அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டி, வெயிலிலும் நிழலிலும் அறைக்குள்ளும் கை நீட்டிப் பாருங்கள். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் நிறம்.

நியான் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலருக்கு வேலை கெடுவது இங்கேதான். நியான் நிறமி புற ஊதாவையும் நீல ஒளியையும் வாங்கி, அதை ஆரஞ்சாகவோ பச்சையாகவோ திருப்பி விடுகிறது, வெளியில் அது எரிவதுபோல் தெரிவதற்குக் காரணம் அதுதான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அந்த ஒளி குறைவு, அங்கே அது சாதாரண நிறம்தான். இன்னொன்று, அந்தப் பூச்சு கொஞ்சம் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளது. நேராகக் கறுப்பு இரும்பின் மேல் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் அழுக்கு ஆரஞ்சாகத்தான் இருக்கும். அடியில் வெள்ளை போட்டால், உள்ளே போன வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும், நிறம் உயிரோடு நிற்கும். வெள்ளை அடிப்பூச்சைத் தவிர்க்காதீர்கள்.

அதைவிட முக்கியம் சுத்தம் செய்வது. பூச்சு உரிந்து வருகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை அடியில் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கும். சில சைட்டுகளின் பின் முகத்தில் குறுக்குக் கோடுகள் வெட்டியிருப்பார்கள், அந்தப் பள்ளங்களில் எண்ணெயும் கரியும் அடைந்து கிடக்கும். டூத் பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்து, பஞ்சுக் குச்சியால் துடைத்து, பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் விரலால் தொடாதீர்கள். இரும்பு சைட் என்று உறுதியாகத் தெரிந்தால் அசிட்டோனும் பயன்படுத்தலாம், ஆனால் பிளாஸ்டிக் சைட்டோடு வருகிற பிஸ்டல்கள் நிறைய, அசிட்டோன் சில வகை பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நெயில் பாலிஷிலும் கரைப்பான் இருக்கிறது, அதனால் பிளாஸ்டிக் சைட்டுக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட் போடுவது பாதுகாப்பு. ஏற்கெனவே ஃபைபர் குச்சியோ டிரிட்டியம் குழாயோ உள்ள சைட் என்றால் அவற்றின் மேல் கரைப்பானோ பெயின்டோ படக் கூடாது, சுற்றியுள்ள வளையத்துக்கு மட்டும் நிறம் அடிக்கலாம்.

இனி பூசுவது. சைட்டைச் சுற்றி ஸ்லைடில் டேப் ஒட்டுங்கள். ஸ்லைடை முன்பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, சாயாமல் இரண்டு பக்கமும் துணியால் அணை கொடுங்கள். இப்படி வைத்தால் சுடுகிறவரைப் பார்க்கும் முகம் கூரையைப் பார்த்துக் கிடக்கும், துளி வழியாது, தானாகச் சமமாகப் பரவும். பாட்டிலோடு வரும் பிரஷ் இதற்கு ரொம்பப் பெரிது. பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சிறு துளி எடுத்து நடுவில் வைத்து, மெல்ல ஓரத்துக்குத் தள்ளுங்கள். புள்ளிக் குழி உள்ள சைட் என்றால் இன்னும் சுலபம், துளியைக் குழிக்குள் விட்டால் அதுவே விளிம்பு வரை போய் நின்றுவிடும்.

வெள்ளை மெல்லிசாக இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம். அதன் மேல் நியான் இரண்டோ மூன்றோ கோட், கடைசியில் டாப் கோட். ஒரே தடவையில் தடியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று சுருங்கிப் போகும். முழுக்கப் பூசியதும் ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள்.

விளிம்பில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். சைட்டின் மேல் விளிம்பிலோ பக்கவாட்டிலோ பூச்சு வழிந்திருந்தால், காய்வதற்கு முன்பே குச்சியின் சீவிய நுனியை ரிமூவரில் (அக்ரிலிக் போட்ட பிளாஸ்டிக் சைட் என்றால் தண்ணீரில்) தொட்டுத் துடைத்துவிடுங்கள். நாம் குறி பார்ப்பது அந்த மேல் விளிம்பை வைத்துத்தான், ரியர் சைட்டின் மேல் விளிம்போடு அது ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அங்கே பெயின்ட் உருண்டு நின்றால் வெளிச்சம் பட்டு விளிம்பே எங்கே என்று தெரியாது.

எந்த அளவுக்குப் பூசுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருந்தால், அவசரத்தில் கண் விளிம்பை விட்டுவிட்டுப் புள்ளியை ரியர் சைட்டின் மேல் கோட்டோடு சேர்க்கப் பார்க்கும். புள்ளியின் மையம் விளிம்பிலிருந்து 2 மி.மீ. கீழே, இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 160 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2 மி.மீ. தப்பு 10 மீட்டரில் சுமார் 12 செ.மீ. மேலே போய்ப் படும். அதனால் மேல் விளிம்பு வரை முழுச் சதுரமாகப் பூசுங்கள் என்பதுதான் என் கட்சி. விளிம்பும் நிறமும் ஒன்றாகவே முடிந்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

அப்புறம் ரியர் சைட். அதிலுள்ள வெள்ளைப் புள்ளிகளையோ வெள்ளைக் கோட்டையோ கறுப்பு மார்க்கரால் மூடிவிடுங்கள். முன்னால் நிறம் அடித்ததைவிட இதில்தான் வித்தியாசம் அதிகம் தெரிகிறது என்பேன், போட்டியே இல்லாமல் ஒரே ஒரு பொருள் மட்டும் ஜொலிக்கும்போது கண்ணுக்கு அங்கே போவதைத் தவிர வேறு வழியில்லை. மார்க்கர் பளபளத்தால் மேட் கறுப்பு பெயின்ட் தொட்டு வையுங்கள். திரும்பப் பழையபடி வேண்டும் என்றால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மார்க்கர் போய்விடும்.

இருட்டில் ஒளிரும் பெயின்ட் பற்றிப் பலர் யோசிப்பார்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, உறைக்குள்ளேயே கிடக்கும் துப்பாக்கியில் வாங்கவே வழியில்லை. டிரிட்டியம் வேறு, அது தானாக ஒளிரும், ஆனால் அதன் அரை ஆயுளே 12.3 வருடம்தான், அதாவது அந்தக் காலத்தில் டிரிட்டியம் பாதியாகக் குறைந்துவிடும்.

இவ்வளவு செய்தும் சைட் மங்கலாகவே தெரிந்தால் பெயின்டைக் குறை சொல்லாதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள். கை நீட்டிப் பிடிக்கும்போது கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்த அளவைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். படிக்கிற கண்ணாடி அதைவிடக் கிட்டத்துக்குச் செய்தது, இதற்குச் சரிவராது. அதுவரைக்கும் ஒரு சுலபமான வழி உண்டு, சிறு டேப் துண்டில் 2 மி.மீ. அளவு ஓட்டை போட்டு, பாதுகாப்புக் கண்ணாடியில் குறி பார்க்கும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது கிட்டத்திலும் தூரத்திலும் கூர்மை கூடும், வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குறையும்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ரேஞ்சில் கையைத் தாங்கலில் வைத்து, நிதானமாகச் சில ரவுண்டு சுட்டு, குண்டு எங்கே படுகிறது என்று பாருங்கள். முன்பு பட்ட இடத்திலேயே பட வேண்டும், மேலே ஏறினால் நீங்கள் விளிம்பை விட்டு நிறத்தைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பேரல் சுத்தம் செய்யும் சால்வென்ட் பூச்சைக் கரைத்துவிடும், அதனால் துடைக்கும்போது அந்தத் துணி சைட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைட்டில் கரி படிந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து உடனே காய்ந்த துணியால் துடைத்தால் போதும். உறையில் உரசி ஓரம் பெயர்ந்தால் அதன் மேலேயே ஒட்டுப் போடாதீர்கள், மேடு பள்ளமாகிவிடும். இரும்பு சைட் என்றால் ரிமூவரால் முழுவதையும் எடுத்துவிட்டு, வெள்ளையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.