அடிபட்ட கோழியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊரில் புதிதாகச் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வாங்கி வளர்ப்பவர்கள் பலர். நாயோ கீரியோ கடித்துவிட்டால் கோழியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வருவதற்கு முன்பே, நாங்களெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்ட வைத்தியத்தை வரிசையாகச் செய்து முடித்திருப்பார்கள். காயத்தில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, புகையிலை வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை இங்கே எழுதவில்லை.

வாயைப் பிளந்து ஊற்றுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பக்கத்து வீட்டு அடைக்கோழியை ஒரு நாய் கவ்விவிட்டது. முதுகில் பல் பட்ட தடம்; எலும்பு முறியவில்லை. பிழைக்கிற கோழி. “கொஞ்சம் தெம்பு வரட்டும் அண்ணே” என்று சொல்லிக்கொண்டே அந்த வீட்டம்மா அலகைப் பிளந்து, மஞ்சள் கலந்த கஞ்சித்தண்ணீரை டம்ளரோடு சாய்த்தார். கோழி தலையை உதறியது. தொண்டையில் கரகரவென்று சத்தம். சிவந்திருந்த கொண்டை கருநீலமானது. நான் வேலியைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் கழுத்து தொங்கிவிட்டது. மறுநாள் தெரு முழுக்க ‘நாய்ப்பல் விஷம்’ என்று பேச்சு. கொன்றது டம்ளர், பழி நாய்க்கு.

நல்ல கோழி ஒன்றின் அலகை விரித்துப் பாருங்கள். நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். நமக்கு இருப்பதுபோல அதன்மேல் கவிந்து மூடும் மடல் கோழிக்குக் கிடையாது. வேகமாக ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். நம்மைப் போலப் பலமாக இருமித் தள்ளவும் கோழியால் ஆகாது. அன்றைக்குத் தப்பினாலும் நுரையீரல் கெட்டுச் சில நாட்களில் சாகும்.

தாகம் தீர்க்க வேண்டுமானால் கோழியை நிமிர்த்தி உட்காரவைத்து, அலகின் நுனியை மட்டும் கிண்ணத்துத் தண்ணீரில் தொட்டு எடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. அல்லது விரல் நுனியால் அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். கோழி தானாகத் தலையை அண்ணாந்து விழுங்கும். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. கழுத்து துவண்டு கிடக்கும் கோழிக்கு வாய்வழியாக எதுவுமே வேண்டாம். பஞ்சாரத்துக்குள் (கோழியை மூடிவைக்கும் கூடை) விட்டு, மேலே பழைய வேட்டியைப் போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஆளுக்கு ஆள் தூக்கிப் பார்க்காமல் இருந்தாலே பாதி வைத்தியம் ஆகிவிடும்.

கடல் நீரில் கழுவுவது

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. புண்ணைக் கழுவ 9 கிராம் போதும், அதுவும் கொதித்து ஆறிய நீரில். குடிக்கவும் உவர்க்கிணற்று நீரை வைக்காதீர்கள். வீட்டுக்கு விலை கொடுத்து வாங்குகிற குடத்திலிருந்தே கோழிக்கும் ஒரு கிண்ணம்.

இறகுக்கு மேலே பார்த்துத் திருப்தியடைவது

நாய்க்கடியில் வெளியே தெரிவது பொட்டு; தோலுக்கு அடியில் கிழிசல் இருக்கும். சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்க வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் வந்து ஒட்டும். ஈ உட்கார்ந்தால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். காலையும் மாலையும் பார்த்தே ஆகவேண்டும்.

நொண்டும் கோழி என்றால் முதலில் காலைக் கழுவுங்கள். கரையில் மேயும் கோழிகளின் காலில் அறுந்த வலையின் நைலான் நரம்பு (இழை) சுற்றிச் சதைக்குள் புதைந்துவிடும். எலும்பு முறிவு என்று மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக் கொண்டுவந்த காலிலிருந்து நரம்பை உருவியிருக்கிறேன். விரல்கள் அதற்குள் கறுத்துவிட்டன.

கழுத்து திருகினால் அடி என்று நினைப்பது

வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாகவும் இருக்கலாம். உடனே தனியாகப் பிரித்து வையுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

மனிதருக்கான வலி மாத்திரை

வேண்டாம்.

அவசரப்பட்டுக் கூட்டத்தில் விடுவது

சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும், அதுவும் புண்ணைப் பார்த்தே கொத்தும். தோல் மூடி, இறகு முளைக்கத் தொடங்கும்வரை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு சண்டை குறையும்.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். ஊசி போட்ட அன்றே இட்ட முட்டையை அவித்துப் பேரனுக்குக் கொடுக்கும் பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.