டர்பனில் குறைந்த விலையில் கேமிங் லேப்டாப்: பெயரைவிட வாட் முக்கியம்

அக்கா மகனுக்கு ஒரு கேமிங் லேப்டாப் தேடி வாங்கிக் கொடுத்ததிலிருந்து, டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன். எத்தனை ராண்ட் செலவழிக்கலாம், எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

படி 1: வாட்டைக் கண்டுபிடியுங்கள்

அதிக நேரம் பிடித்தது இதுதான். கேமின் படத்தை வரைவது கிராபிக்ஸ் சிப், அது எத்தனை வாட் மின்சாரம் எடுக்க விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் வேகம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் விற்கும் லேப்டாப் சிப் 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். அதைத் தீர்மானிப்பது லேப்டாப் செய்கிற கம்பெனி. அதற்கு அடுத்த பெரிய சிப்பான 4060க்கும் இதே வரம்புதான். லேப்டாப்பின் உடம்பு மெல்லியதாக இருந்தால் சூடு வெளியேற வழி இருக்காது, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். 45 வாட்டில் மூச்சு வாங்கும் 4060ஐ, முழு வாட் கிடைக்கிற 4050 முந்திவிடலாம். விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பதோ பெயர் மட்டும்.

கடையில் டெமோ லேப்டாப் இருந்தால் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறங்கள். இடது பக்கம் கீழே 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' இருக்கும். அதில் கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று ஒரு வரி வரும். தயங்காமல் கேட்டுத் திறந்து பாருங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் முழு மாடல் எண்ணை வைத்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலேயே தேடுங்கள். ஒரே சீரிஸில் கடைசி இரண்டு எழுத்து மாறினாலே வாட்டும் மாறும், திரையும் மாறும். அங்கும் வாட் போடவில்லை என்றால் நான் அந்த மாடலைத் தொடமாட்டேன்.

கிராபிக்ஸ் சிப்புக்கென்றே உள்ள வீடியோ மெமரி 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. 4 ஜிபி உள்ள பழைய 3050ஐப் புதிய பெரிய கேம்களுக்கு வாங்க வேண்டாம்.

படி 2: ரேம்

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போங்கள். எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று காட்டும். ஒற்றை 8 ஜிபி மட்டும் இருந்தால், இன்னொன்று போட இடம் இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ரேம் சேர்ந்து ஓடும்போது கேம் எவ்வளவு சீராகப் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

படி 3: சூடு

டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் எந்த லேப்டாப்பும் திணறும். வாங்கிய வாரமே எச்டபிள்யு இன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, அரை மணி நேரம் கேம் ஆடிப் பாருங்கள். வெப்பத்தைக் காட்ட எத்தனையோ மென்பொருள் உண்டு, ஆனால் இது இலவசம், சூடு தாங்காமல் சிப் வேகத்தைக் குறைத்ததா என்றும் சொல்லிவிடும். என் விருப்பம் இதுதான்.

படி 4: பில்

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், கடை அல்ல. பழைய லேப்டாப்பைக் கடையில் பில்லோடு வாங்கினால் இந்த உரிமையோடு பேசலாம். தெரிந்தவர், தெரியாதவர் என்று தனியாளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. கொஞ்சம் அதிகம் ஆனாலும் கடைதான் நல்லது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர், கரண்ட் போனால் பேட்டரியில் ஆடலாமா என்று கேட்டார்கள். ஆன் ஆகும், ஆனால் பேட்டரியால் அத்தனை வாட் கொடுக்க முடியாததால் கிராபிக்ஸ் வேகம் வெகுவாகக் குறையும். முறை வைத்து கரண்டை நிறுத்தும் லோட் ஷெடிங் 2024 மார்ச்சுக்குப் பிறகு குறைந்துவிட்டாலும், பலர் வீட்டில் வைஃபைக்கு வாங்கிய சின்ன யுபிஎஸ் இன்னும் இருக்கிறது. 180, 230 வாட் சார்ஜரை அதில் மாட்டாதீர்கள், தாங்காது. அப்புறம், துபாயிலிருந்து வாங்கி வந்தவர்களுக்கு: அடாப்டர் மேல் அடாப்டர் போட வேண்டாம். சார்ஜர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஒயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். நம் ஊர் உருண்டை மூன்று பின் வைத்த ஒயர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மலிவாகக் கிடைக்கும், அதை மாற்றிக்கொள்ளுங்கள்.